ஒரு மைனஸ் குறியின் வரலாறு

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுப்பா, டெக்னிக்கல் சமாசாரமா இருந்தாலும் பரவாயில்லை" என்று மலர்க்குழுவிலிருக்கும் சீனியர் அண்ணன் போனில் கேட்டார். ஹாஸ்டலையும் மெஸ் சாம்பாரையும் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த தொழில் டிவைஸ் டிரைவர் எழுதுவது. (பஸ் டிரைவர் இல்லை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கியே பாதி ஆயுள் போயிற்று.) அந்தத் தொழிலில் "வேலை நடக்கவில்லை" என்பதை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

டிஸ்க், பிரிண்டர், கேமரா எதுவானாலும், அதற்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நிற்பது டிரைவர். அதிலுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனும் வேலையை முடித்துவிட்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எந்த எண் வெற்றி, எந்த எண் தோல்வி? இந்தச் சின்னக் கேள்விக்கு ஐம்பது வருஷமாக ஒரே பதில் கிடையாது.

1970களில் நியூ ஜெர்சி பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 மெஷினில் யூனிக்ஸை வளர்த்தார்கள். அங்கே ஒரு சிஸ்டம் கால் தோற்றால் கெர்னல், பிராசசரின் கேரி பிட்டை ஏற்றி வைக்கும். கூட்டலில் "மீதி ஒண்ணு" என்போமே, அதற்காக வைத்த பிட்! பிழையின் எண் ஒரு ரிஜிஸ்டரில் இருக்கும். சி லைப்ரரி அதைப் பார்த்து எண்ணை 'எர்நோ'வில் போட்டுவிட்டு, கேட்டவனுக்கு மைனஸ் 1 கொடுக்கும்.

1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் டிரைவர் எதையும் திருப்பித் தராது. பிழை நேர்ந்தால் அந்த பிராசஸுக்கென்று இருக்கும் ஒரு பொது இடத்தில் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போய்விடும், நோட்டீஸ் போர்டில் எழுதுவது போல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1976-ல் இந்த சோர்ஸ் கோடுக்கு வரிவரியாக உரை எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தார். பிறகு வந்த லைசென்ஸ் கெடுபிடியால் அது முறையாகப் புத்தகமாக வர 1996 ஆகிவிட்டது. அதுவரை உலகமெங்கும் ஜெராக்ஸ்தான்! நம் டிபார்ட்மென்ட் சார் ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தது. எத்தனையாவது ஜெராக்ஸோ, பாதி எழுத்து மங்கியிருக்கும். நான் டிரைவர் பக்கம் வந்ததே அதனால்தான்.

அந்தப் பட்டியலில் 25-ஆம் எண்ணுக்கு அர்த்தம் "இது டைப்ரைட்டர் இல்லை". டெலிடைப்பை வைத்துக்கொண்டு வேலை செய்த காலத்தின் மிச்சம். பின்னாளில் வாசகத்தை மாற்றினார்கள், எண் மாறவில்லை. இன்றைக்கும் லினக்ஸில் கேமராவிடம் அதற்குப் புரியாத கட்டளை ஒன்றைக் கொடுத்தால் இந்த எண்தான் வரவேண்டும்.

பெர்க்லி வழியில் வந்த பிஎஸ்டி யூனிக்ஸ்களில் டிரைவரே எண்ணை நேராகத் திருப்பித் தரலாயிற்று. பூஜ்யம் என்றால் வெற்றி, பிளஸ் எண் என்றால் பிழை. 1991-ல் ஹெல்சிங்கியில் லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் பக்கம் நேர் எதிர்: பிழை மைனஸில். இதில் ஒரு வசதி உண்டு. 'ரைட்' என்ற ஃபங்ஷன் எத்தனை பைட் எழுதினேன் என்றும் சொல்ல வேண்டுமே? பிளஸ் பக்கம் கணக்குக்கு, மைனஸ் பக்கம் பிழைக்கு. ஒரே எண்ணில் இரண்டும் அடங்கிவிடும்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1977-ல் வெளியிட்ட வாக்ஸ் கம்ப்யூட்டரின் விஎம்எஸ்ஸில் வேறு கணக்கு. ஒற்றைப்படை என்றால் வெற்றி, இரட்டைப்படை என்றால் தோல்வி! அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான டேவ் கட்லர் 1988-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1993-ல் வந்த விண்டோஸ் என்டி-யில் 32 பிட் எண்ணின் உச்சி இரண்டு பிட்டுகள் பிழையின் கடுமையைச் சொல்லும். அங்கே 259 என்றால் "வேலை நடக்குது, முடிஞ்சதும் சொல்றேன்". அதுவும் வெற்றிக் கணக்கில்தான் சேரும். நம் ஊர் ஆபீஸ்களுக்குப் பொருத்தமான எண். டாஸ் காலத்துச் சீனியர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. ஃபிளாப்பி படிக்காவிட்டால் "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?" என்று நம்மையே கேட்டுவிடும்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், பால் சங்கங்களில் வைக்கும் ஒரு பெட்டிக்கு டிரைவர் எழுதும் வேலை வந்தது. உறுப்பினர் எண் நாலு இலக்கம், ஒரு கமா, பிறகு லிட்டர், கொழுப்பு. ஒரு வரி ஒருத்தர் ஊற்றிய பால். பிஎஸ்டி-யில் ஏற்கெனவே இருந்த டிரைவரை லினக்ஸுக்கு மாற்றினேன். எல்லா இடத்திலும் மைனஸ் போட்டேன், ஓர் இடம் தவிர.

விட்டுப்போன இடத்தில் இருந்தது 5. "எழுத முடியவில்லை" என்ற பிழை. மைனஸ் இல்லாததால் மேலே இருந்த புரோகிராமுக்கு அது "ஐந்து பைட் எழுதியாச்சு" என்று கேட்டது. அது நல்ல பிள்ளையாக ஆறாவது பைட்டிலிருந்து மிச்சத்தை எழுதியது. நாலு இலக்கமும் ஒரு கமாவும் எத்தனை பைட்? ஐந்து. லிட்டர் பதிவாகும், ஆள் பதிவாக மாட்டார். மொத்தப் பால் கணக்கு டாங்கருடன் சரியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் டெஸ்ட் ரூமில் கரண்ட் ஒழுங்காக இருந்ததால் அந்த வரி ஒரு தடவைகூட ஓடவில்லை. கம்பைலருக்கோ 5-ம் எண்தான், மைனஸ் 5-ம் எண்தான்.

ஒரு அம்மா மட்டும் விடவில்லை. "நான் ஊத்துன பாலுக்குக் காசு வரலை"ன்னு மாசக்கணக்கில் சண்டை. "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றிருக்கிறார்கள். கடைசியில் என்னை அனுப்பினார்கள். அவர் பேத்தியின் பழைய கோடு போட்ட நோட்டில் தேதி, வேளை, லிட்டர் எல்லாம் பென்சிலில் இருந்தது. பெட்டியில் பெயரில்லாத பதினைந்து வரிகள் கிடைத்தன. பதினொன்று அவர் நோட்டோடு அச்சாகப் பொருந்தியது. சங்கம் பணத்தைக் கொடுத்துவிட்டது. "நீதான் இந்த மெஷினைச் செஞ்சியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காபி கொடுத்தார், அது தொண்டையில் இறங்கவில்லை. மற்ற நாலு வரி யாருடையது என்று தெரியவே இல்லை. அவர்களிடம் நோட்டு இல்லை.

நான் மட்டும் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2008-ல் லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களையும் டிஸ்க் அடுக்குகளையும் ஆராய்ந்தார்கள். பிழை எண் பயணப்படும் 9022 அழைப்புகளில் 1153 இடங்களில், அதாவது 13 சதவீதத்தில், எண் சரியாக வாங்கி வைக்கப்படவில்லை. 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். டிஸ்கில் எழுத முடியாவிட்டால் கெர்னல் ஒரு தடவை பிழை சொல்லும். மறுபடி கேட்டால் "எல்லாம் சரி" என்றுவிடும், எழுதாமலே! அதன்பின் அந்தப் பிழை வந்தால் சர்வரையே நிறுத்தி, லாகிலிருந்து மீண்டு வரும்படி மாற்றினார்கள். சத்தம் போட்டு நிற்பது அவர்களுக்கு மேலாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான்.

அந்த டிரைவரின் பழைய பிரிண்ட் அவுட் நாலு பக்கம் இன்னும் வைத்திருக்கிறேன். சந்திப்பு நாளன்று கொண்டு வருகிறேன். மைனஸ் விட்டுப்போன வரியைக் கண்டுபிடிக்கும் தம்பி தங்கைகளுக்குக் கேன்டீன் டீ என் செலவு, வடையும் உண்டு.