அந்திக்கென்று ஒரு தோட்டம்

நாவல் எழுதுகிறவர்களுக்குத் தோட்ட வேலை ஒத்துவருமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒத்துவந்த ஓர் அம்மாளின் கதையை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

விட்டா ஸாக்வில்-வெஸ்ட் 1892-இல் இங்கிலாந்தின் கெண்ட் மாகாணத்தில், நோல் என்ற மாபெரும் மாளிகையில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே குழந்தை. ஆனால் பெண் குழந்தை. 1928-இல் தகப்பனார் காலமானதும் பட்டமும் மாளிகையும் சிற்றப்பாவுக்குப் போய்விட்டன. கண்ணை மூடிக்கொண்டு நடமாடக்கூடிய வீட்டுக்கு அவர் இனி விருந்தாளி! அதே ஆண்டில் அவருடைய சிநேகிதி வர்ஜினியா உல்ஃப், 'ஆர்லண்டோ' என்ற நாவலில் அந்த வீட்டை அவருக்கே கொடுத்தார். காகிதத்தில்தான்.

1930-இல் விட்டாவும் கணவர் ஹெரால்ட் நிகல்ஸனும் அதே கெண்டில் ஸிஸிங்ஹர்ஸ்ட் என்ற பாழ்பட்ட இடத்தை வாங்கினார்கள். பழைய கோபுரம் ஒன்று, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கட்டடங்கள், எங்கு பார்த்தாலும் குப்பை. படுக்கை ஒரு கட்டடத்தில், எழுத்து கோபுரத்தில், சாப்பாடு வேறொரு கட்டடத்தில். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோட்டத்தைக் கடந்துதான் போகவேண்டும்.

அந்த அசௌகரியத்துக்கு ஏற்ற தோட்டம் ஒன்று பிறகு அமைந்தது. பொழுது சாய்ந்தால் முதலில் மறைவது சிவப்பு ரோஜா. கடைசிவரை மிஞ்சுவது வெள்ளைப் பூவும் வெள்ளி இலையும்தான். வெள்ளைத் தோட்டம் என்ற எண்ணம் 1939-லேயே விட்டாவுக்குத் தோன்றியது. யுத்தம் வந்தது, எண்ணம் பத்து வருஷம் காத்திருந்தது. 1950 ஜனவரியில், 'அப்ஸர்வர்' பத்திரிகையில் தாம் எழுதிவந்த தோட்டப் பகுதியில் அதைப் பற்றிச் சொன்னார். அந்தி மயங்கும் வேளையில் ஆந்தை ஒன்று அந்த வெளிறிய தோட்டத்தின்மேல் சத்தமில்லாமல் பறந்துபோகவேண்டும் என்பது அவர் ஆசை.

வெள்ளி இலை என்றால் சாயம் பூசியது அல்ல. இலைமேல் அடர்ந்த மெல்லிய ரோமம்தான் வெளிச்சத்தைத் திருப்பியடித்து வெள்ளியாகக் காட்டுகிறது. ஆர்ட்டிமீஸியா, ஸான்டொலினா முதலியவை மத்தியதரைக் கடலோரத்துக் கல்லுக் காடுகளின் பிள்ளைகள். வெயிலும் வறட்சியும் அவற்றுக்குப் பழக்கம். ரோமப் போர்வை ஈரத்தைக் காப்பாற்றும். உரம் கொட்டிச் செல்லம் கொடுத்தால் நெட்டையாக வளர்ந்து, வெள்ளி மங்கிவிடும். குளிரைக்கூட ஓரளவு தாங்கும். குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஸிஸிங்ஹர்ஸ்ட்டோ களிமண் பூமி! அப்படிப்பட்ட மண்ணில் கரடான மணலும் சரளையும் கலந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டும். வசந்தத்தில் இரக்கம் பாராமல் கத்தரிக்க வேண்டும். கோடை முடிவதற்குள் சில துண்டுகளை ஒடித்துப் பதியன் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். தாய்ச்செடி போனாலும் குலம் நிற்கும்.

குலம் என்றதும் நோல் ஞாபகம் வருகிறது. அது 1940-களின் பிற்பகுதியில் நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தின் கைக்குப் போனது. 1954-இல் மகன் நைஜல், ஸிஸிங்ஹர்ஸ்ட்டையும் அதனிடமே ஒப்படைக்கலாமா என்று கேட்டார். விட்டா கொதித்துப்போனார். ஒரு வீட்டைப் பறிகொடுத்தவருக்கு இன்னொன்றையும் கொடுக்க மனம் வருமா?

1962-இல் அவர் காலமானார். 1967-இல் வரிச் சுமை நெருக்க, தோட்டம் அதே டிரஸ்ட்டுக்கே போனது. அதனால்தான் அது பிழைத்தது என்றும் சொல்லவேண்டும். உயிலும் பட்டமும் இல்லாமலே யாரும் இன்று அங்கே நுழையலாம். சீட்டு வாங்கினால் போதும்.