மின்மடலும் தமிழ் எழுத்துருவும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் கடிதம் எழுதுவதும் ஆசிரியர் தொழிலின் ஒரு கூறாகவே இருந்தது. ஜாசினிலோ அலோர்காஜாவிலோ பால்மரம் சீவியவர் ஊரிலுள்ள உறவினர்க்குச் செய்தி சொல்ல, தோட்டப்பள்ளி ஆசிரியர் அதனை வான்மடலில் எழுதித் தருவார். கையெழுத்துக் கோணலாயினும் படிப்பவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வர். கடல் கடந்தாலும் 'அ' என்பது 'அ'வே.

1990களில் மின்னஞ்சல் வந்தபோது இவ்வுறுதி குலைந்தது. சென்னையிலிருந்து நண்பர் விடுத்த முதல் தமிழ்மடல், என் கணினித் திரையில் தலையில் கொம்பும் அடியில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக் குவியலாய்க் கிடந்தது. மடல் சிதைந்ததென்றே எண்ணினேன். சிதையவில்லை என்று தெளியப் பன்னாளாயிற்று.

வெறும் உரையாகச் செல்லும் மின்மடல் எழுத்தின் வடிவைச் சுமப்பதில்லை, எண்களையே சுமக்கின்றது. 65 என்றால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து என்பது 'ஆஸ்கி' முறையால் உலகம் ஒப்பிய வழக்கு. தமிழுக்கு அத்தகைய ஒப்புதல் அன்றில்லை. எழுத்துரு ஆக்கியோர் தத்தமக்கு உகந்த எண்ணில் 'அ'வை அமர்த்தினர். எழுத்துருவின் பெயரோ மடலோடு வாராது. பெறுபவர் தம் மின்னஞ்சல் நிரலில் எதனைத் தேர்ந்திருக்கின்றாரோ அதன் முகமே திரையில் தோன்றும்.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை அளித்தார். அதில் தமிழ், ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே அமர்ந்தது. பின்னர்ப் பல நாட்டுத் தமிழர் கூடி வகுத்த 'திஸ்கி', ஆங்கிலத்தை முதல் 128 இடங்களில் விட்டுத் தமிழை அடுத்த 128இல் வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு 'தாம்', 'தாப்' என்னும் இரண்டினை அறிவித்தது. ஒன்று வேண்டிக் கூடினோம்; எண்ணிக்கைதான் பெருகிற்று!

ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றிருந்தது. ஆயினும் 'விண்டோஸ் 2000' 'லதா' எழுத்துருவுடன் வந்த பின்னரே அதன் பயன் நம்மவரை மெல்ல எட்டியது. இன்று எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகு மாறும், எழுத்து மாறாது.

பழைய மடல்கள் என்னாயின? நண்பர் மறைந்தபின் அவர் மடல்களைத் திறந்தேன். எந்த எழுத்துருவில் எழுதினாரென்று கேட்க ஆளில்லை. ஆனால் அவர் 'அன்புள்ள' என்றே தொடங்குவார். அச்சொல் தெரியும்வரை எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பலவற்றில் 'அன்புள்ள' எழுந்தது. இரண்டு மடல்களில் இன்னும் எழவில்லை.