கரிசல் பூமியில் காரை வீடுகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

சாத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சேவும் வெள்ளரிக்காயும் பேனா நிப்பும் நினைவுக்கு வரும். இங்கேயே வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது காலடியில் கிடக்கும் கரிசல் மண். பருத்தியும் கம்பும் சோளமும் தந்து நம்மை வாழவைத்த அதே மண்தான் நம் வீட்டுச் சுவர்களைப் பிளந்தும் வைக்கிறது. ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். பங்கின் வரலாற்றை எழுத வேறு பலர் இருப்பதால், பங்கு மக்கள் குடியிருக்கும் பழைய வீடுகளின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். வீடு மந்திரிக்கப் போகிற இடங்களிலெல்லாம், தீர்த்தம் தெளிக்கும் முன்னரே "சாமி, இந்தச் செவுத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று கூட்டிச்சென்று காட்டுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கரிசலின் குணம் விவசாயிக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பி, வைத்த காலை விடாமல் பிடிக்கும். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டுக்குட்டியின் கால் சிக்குமளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். இதற்குக் காரணம் இம்மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம். பிரான்சு நாட்டு ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இக்கனிமம், மிக மெல்லிய தாள்களை அடுக்கிவைத்தாற்போன்ற அமைப்புடையது. தாள்களுக்கு இடையே நீர் புகுந்தால் அடுக்கு பெருக்கும். நீர் வற்றினால் சுருங்கும். தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ மூன்று, மூன்றரை மீட்டர் ஆழம்வரை இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

இந்த மண்மேல் ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். நடுவீட்டுக்கு அடியிலுள்ள மண்ணில் வெயிலும் படுவதில்லை, மழையும் படுவதில்லை. ஈரம் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். வெளிச்சுவர் ஓரத்து மண்ணோ கோடையில் காய்ந்து இறங்கும். மழையில் ஊறி எழும்பும். கோடையில் மூலைகள் இறங்கும்போது சுவரில் மேற்புறம் அகன்ற வெடிப்புத் தோன்றும். மழைக்காலத்தில் ஓரங்கள் எழும்பும்போது கீழ்ப்புறம் அகன்ற வெடிப்புத் தோன்றும். நிலை, சன்னல் ஆகியவற்றின் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் சாய்வாக ஏறும் கீறலைக் கண்டால், அது கரிசல் போட்ட கையெழுத்து என்று கொள்ளலாம். மணல்மேல் வீடு கட்டியவனை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். நம் பக்கம் வந்திருந்தால் கரிசலுக்கும் ஓர் உவமை சொல்லியிருப்பார் என்று நாம் வேடிக்கையாக எண்ணுவதுண்டு.

வைப்பாற்றங்கரையில் மனிதர் குடியிருப்பது நேற்று வந்த வழக்கமன்று. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் அகழாய்வு அங்கே பழங்காலக் குடியிருப்பு ஒன்று இருந்ததை வெளிக்கொணர்ந்தது. ஊரின் பெயரிலேயே கரிசல் இருப்பதைக் கவனியுங்கள். நம் பாட்டனார் காலத்து ஏழை வீடு மண்வீடுதான். தடித்த மண்சுவர், மேலே சோளத்தட்டையோ பனையோலையோ வேய்ந்த இலேசான கூரை. பூமி அசைந்தால் சுவரும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். விழுந்த கீறலைப் பொங்கலுக்கு முன் வீட்டுப் பெண்கள் மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடிவிடுவார்கள். பழுதுபார்ப்பது என்பது தனியே ஒரு செலவாக இருக்கவில்லை. ஆண்டு வேலைகளில் அதுவும் ஒன்று.

காரை வீடு பிற்பாடு வந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்காமற்போக, இந்தியப் பருத்திக்குத் திடீர்க் கிராக்கி உண்டாயிற்று. 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டு, சாத்தூர் அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. பருத்திப் பொதி தூத்துக்குடித் துறைமுகம் சேர வழி பிறந்தது. கரிசல் விளைவித்த பருத்தியின் பணத்திலேயே கரிசலின்மேல் கனத்த சுவர்கள் எழுந்தன. நகை முரண்தான்!

அந்தச் சுவர்களைக் கட்டிய கொத்தனார்கள் படித்தவர்களல்லர். ஆனால் மண்ணை அறிந்தவர்கள். கரிசலைத் தோண்டினால் அடியில் கிடைக்கும் சுக்கான் கல்லைக் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். வட்டமான கல்வாய்க்காலில் மாடு கட்டிய கல்லுருளை சுற்றிவர, சுண்ணாம்பையும் ஆற்று மணலையும் சேர்த்து அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பதப்படுத்தினார்கள். மாடித்தளத்தைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கினார்கள். சுக்கான் கல்லில் சுண்ணாம்போடு களியும் கலந்திருப்பதால் அது ஈரத்திலும் இறுகும் தன்மையுடையது. களி கலந்த சுண்ணாம்புக் கல்லே தண்ணீருக்குள் இறுகும் சுண்ணாம்பைத் தரும் என்று, எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டும்போது (1756–1759) ஜான் ஸ்மீட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ஆராய்ந்து கண்டார். நம் கொத்தனார்கள் ஆராய்ச்சி எழுதவில்லை, கைப்பழக்கத்தில் கண்டார்கள்.

சுண்ணாம்புக் காரையின் அருமை அதன் மென்மையில் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டிப்படும். சுவர் சற்று அசைந்தால் ஒரே பெரும் வெடிப்பாகப் பிளக்காமல், செங்கல் இடுக்குகளில் பல மயிரிழைக் கீறல்களாகப் பங்கிட்டுக்கொள்ளும். மழை நீரில் கரைந்த சுண்ணாம்பு அந்தக் கீறல்களிலேயே மீண்டும் படிந்து, சிறியவற்றைத் தானே அடைப்பதும் உண்டு.

திண்ணையைப்பற்றியும் சொல்லவேண்டும். அதை வழிப்போக்கர் அமரவும் பெரியவர்கள் பேசவும் கட்டியதாகவே எண்ணுகிறோம். தெருப்பக்கச் சுவரின் அடிமண்ணை வெயிலும் மழையும் நேரே தாக்காதபடி மூடிக் காத்ததும் திண்ணைதான் என்பது நமது கருத்து. மோட்டார் சைக்கிள் நிறுத்தவென்று திண்ணையை இடித்த வீடுகளில், இரண்டொரு கோடைக்குள் முன்சுவர் கீறியதை நாமே கண்டிருக்கிறோம்.

பின்பு சிமெண்டு வந்தது. 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதன்முதலாக 1904இல் சென்னையில் அது தயாரிக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் சாத்தூருக்கும் விருதுநகருக்கும் இடையே, துலுக்கப்பட்டி அருகே இராமசாமி ராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. வீட்டுப் பக்கத்திலேயே மூட்டை கிடைக்கும்போது, வாரக்கணக்கில் சுண்ணாம்பு அரைக்க யாருக்குப் பொறுமை? காளவாசல்கள் அணைந்தன. செக்குக் கல் மாட்டுத்தொழுவத்தில் ஒதுங்கியது. சிமெண்டை நாம் குறைகூறவில்லை. அது இல்லாமல் பாலமும் இல்லை, அணையும் இல்லை. பழைய காரைச் சுவரின்மேல் அதைப் பூசுவதுதான் தொல்லை. மெத்தென்ற சுவரின்மேல் கெட்டியான ஓடு போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே ஆவியாக வழியின்றி உள்ளேயே தங்க, உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிர்கிறது. வெளியே சுவர் பளபளக்கும். தட்டினால் டொக்கென்று கேட்கும்.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், சாமியார் இல்லத்தின் மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு சித்திரையிலும் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் பக்கத்திலேயே புதிதாக ஒன்று பிறந்தது. நான்காம் ஆண்டு ஒரு வயதான கொத்தனார் வந்தார். சுவரைத் தொட்டும் பார்க்கவில்லை. வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். குளியலறைத் தண்ணீர் உடைந்த வாய்க்கால் வழியே சுவரடியில் தேங்குவதைக் கண்டு, "செவுத்துக்கு நோவு ஒண்ணுமில்ல சாமி. மொதல்ல இந்தத் தண்ணியத் திருப்புங்க" என்றார். திருப்பினோம். ஓராண்டு காத்திருந்து பிறகு அடைத்தார். கோடையில் அகன்றிருக்கும் வெடிப்பில் கெட்டிச் சிமெண்டை அடைத்தால், மழையில் மண் உப்பி வெடிப்பு மூடவரும்போது அந்தச் சிமெண்டே ஆப்பாக நின்று சுவரைத் தள்ளும் என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தோம்.

களிமண்ணின் கதை சமவெளியோடு முடிவதன்று. மழை பொய்த்த காலங்களில் கரிசல் காட்டை விட்டு மலைத்தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் பல. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் பலர் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட நம் பக்கத்து மக்கள். அவ்வளவு பெரிய சரிவை எந்தக் கொத்தனார் வேலையும் தடுத்திருக்க முடியாது. எனினும் மலையிலும் நாம் காண்பது மண்ணுக்குள் புகுந்த நீரைத்தான். கரிசலில் அது சுவரைத் தூக்கி இறக்கும். சரிவில் மண்ணைக் கனக்கச்செய்து இளக்கி வழுக்கிவிடும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம் நடூரில், ஏறத்தாழ இருபதடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து அடுத்திருந்த வீடுகளின்மேல் விழுந்தது. 17 பேர் உறக்கத்திலேயே இறந்தனர். சரிவில் வீடுள்ளவர்கள், மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வடியத் துளைகள் உண்டா, அவை அடைபட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு மழைக்கு முன்னும் பார்க்கவேண்டும். அச்சுவரின் பின்புறம் களிமண்ணைக் கொட்டாமல், நீர் இறங்கும்படி சரளைக்கல் நிரப்பவேண்டும். சுவர் வயிறு தள்ளினால் பூச்சு வேலையால் பயனில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வெடிப்பு இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறியப் பொறியாளர்கள் அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள். சாத்தூரில் அதற்கும் வழியிருக்கிறது: தீப்பெட்டி லேபிள் ஒன்றை மைதாப் பசையால் வெடிப்பின் குறுக்கே ஒட்டி, அன்றைய தேதியை எழுதிவையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்து லேபிள் கிழியாமலிருந்தால் வெடிப்பு உறங்குகிறது. கிழிந்தால், அடைக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, அடுப்படித் தண்ணீர் எங்கே போகிறது, கழிவுத்தொட்டி கசிகிறதா, தெருக்குழாய் சுவரடியில் ஒழுகுகிறதா? வீட்டைச் சுற்றி நான்கைந்தடி அகலத்துக்கு வெளிப்புறம் சாய்வாகத் தளம் போட்டால், ஓரத்து மண்ணின் ஏற்ற இறக்கம் பெரிதும் அடங்கும். சுவரை ஒட்டி வேம்போ வேலிக்கருவேலோ வளர விடாதீர்கள். கோடையில் அவற்றின் வேர் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் வீட்டைவிட மூத்த மரத்தை ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பதும் ஆகாது. அது குடித்துவந்த நீர் மண்ணிலேயே தங்கி, சுவரைக் கீழிருந்து தூக்கும்.

உறங்கும் வெடிப்பை அடைக்கத் தை, மாசி உகந்தது என்பது நமது எண்ணம். மண் ஊறியும் இராது, வெடித்தும் இராது. காரைச் சுவருக்குக் காரையே போடவேண்டும். உதிர்ந்ததைச் சுரண்டி, நீர் தெளித்து, நன்றாக ஊறிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அடைத்து, ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பல நாள் காக்கவேண்டும். பெரிய வெடிப்பானால் சில வரிசைக்கு ஒருமுறை இருபுறமும் செங்கலை எடுத்து, நீளக்கல்லோ கம்பியோ குறுக்கே வைத்துத் தைக்கவேண்டும். இவ்வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே; அவர்களுக்கும் வயதாகிவிட்டது. வேலை தேடும் நம் இளைஞர்கள் இரண்டு பேராவது அவர்களிடம் கூட நின்று கற்றால் நமக்கு மகிழ்ச்சி.

புதிதாகக் கட்டுவோருக்கு வேறு வழிகள் உள்ளன. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், மூன்றரை மீட்டர் ஆழத்தில் அடிப்புறம் குடம்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை அசையாத மண்ணில் ஊன்றி, அவற்றின்மேல் வீட்டை நிறுத்தும் முறையைப் பரப்பியது. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டி 1970களில், கரிசலுக்குமேல் உப்பாத செம்மண் சரளையை ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் போடும் முறையை ஆராய்ந்து நிறுவினார். நம் வழக்கப்படி வானத்தில் ஆற்று மணலை மட்டும் நிரப்பினால், வடிகால் இல்லாத இடத்தில் அது அடியில் ஒரு தொட்டியாகித் தண்ணீரைத் தேக்கும்.

தீக்குச்சி நுழையாத கீறலுக்கு அஞ்சவேண்டாம். விரல் நுழையும் வெடிப்பையும், தூக்குக்குண்டு விட்டால் விலகி நிற்கும் சுவரையும் பொறியாளர் வந்து பார்க்கவேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்கினால், நம்மிடம் சொல்லுங்கள், கூடவந்து பேசுகிறோம். அதுவரை, ஐப்பசி மழை பிடிப்பதற்குள், குழந்தைகளின் படுக்கையை அந்தச் சுவரோரத்திலிருந்து மாற்றிப் போட்டுவிடுங்கள்.