இறங்கும் உரிமை: ஈஜிபுராவின் ஏரியும் பெங்களூரின் நீச்சல்குளங்களும்

பெங்களூரின் தென்கிழக்கில் கோரமங்கலாவை ஒட்டியுள்ள ஈஜிபுராவை இன்று பலரும் அறிந்திருப்பது போக்குவரத்து நெரிசலாலும், ஆண்டுக்கணக்கில் முடிவடையாமல் நின்ற மேம்பாலத்தாலும்தான். அதன் அருகே ஒரு பெரிய ஏரி இருந்தது என்பது மறக்கப்பட்டுவிட்டது. கோரமங்கலா ஏரி இருந்த நிலத்தில் 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென வீரர்களின் குடியிருப்பு எழுந்தது. போட்டிகள் முடிந்தபின் அது நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கத்தினரின் அடுக்குமாடி வளாகமாயிற்று. விளையாட்டின் பெயரால் நிகழ்ந்த இம்மாற்றத்துக்குள், நகரத்தில் தண்ணீரில் இறங்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற பழைய கேள்வி புதைந்து கிடக்கிறது.

இது ஒரு தனி நிகழ்வு அன்று. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வரத் தொடங்கியதும் ஏரிகள் குடிநீர் ஆதாரம் என்ற தகுதியைப் படிப்படியாக இழந்தன. குடிநீருக்குத் தேவைப்படாத ஏரி ஆட்சியாளர் கண்ணுக்கு வெற்று நிலமாகவும், நோய் பரப்பும் இடமாகவும் தெரிந்தது. ஆனால் ஏரியை நம்பியிருந்தது குடிநீர் மட்டுமன்று. தோட்டப்பயிர், மீன், துணி வெளுத்தல், செங்கல் அறுத்தல், கால்நடை, குளியல் என்று பலருடைய வாழ்வு அதன் கரையில் நடந்தது. சம்பங்கி ஏரியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பேட்டைக்கும் தண்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஏரியில் நீர் தேங்கவேண்டும் என்றனர் தோட்டக்காரர்கள். தண்டுப் பகுதியின் ஐரோப்பியருக்கோ போலோ ஆடும் திடல் நனையாமல் இருக்கவேண்டியிருந்தது. இறுதியில் திடலே வென்றது. திகளர் சமூகத்தின் கரகச் சடங்குக்காக விட்டுவைக்கப்பட்ட சிறு குளம் ஒன்றே அந்த ஏரியின் எச்சமாக இன்றும் நிற்கிறது.

ஏரி இருந்த காலத்தை எல்லோருக்கும் பொதுவான பொற்காலமாகக் கற்பனை செய்துகொள்வதும் பிழையாகும். தென்னிந்திய நீர்நிலைகளில் யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் கரையிலேயே நின்று பிறர் ஊற்றும் நீரை ஏந்தவேண்டும் என்பதைச் சாதியே தீர்மானித்தது. பொதுத் தெருக்கள், கிணறுகள், குளங்கள் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியபோது, அக்குளத்தை அனைவருக்கும் திறந்துவிடும் நகராட்சித் தீர்மானம் ஏட்டளவில் ஏற்கெனவே இருந்தது. அதன்பின் எதிர்த்தரப்பினர் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதம் கவனத்துக்குரியது. தீட்டு என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. குளம் பொதுச்சொத்தே அன்று, சாதி இந்துக்களின் தனியுடைமை என்றனர். பத்தாண்டு வழக்குக்குப்பின் 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. விலக்குவதற்கான கருவியாகத் ‘தனியார்’ என்ற சொல் பயன்படத் தொடங்கியதற்கு இது ஒரு முன்னறிவிப்பு.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு இப்போராட்டங்களின் விளைவு. கிணறு, குளம், குளியல் துறை, சாலை, மக்கள் கூடுமிடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று அது கூறுகிறது. அதே பிரிவு ஒரு வரம்பையும் இடுகிறது: அவை முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படுபவையாக, அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். ஆகவே உரிமை நீருடன் பிணைக்கப்படவில்லை. நீரின் பொதுத்தன்மையுடன் பிணைக்கப்பட்டுள்ளது. பொதுநீர் மறைந்தால் உரிமை ஏட்டில் இருக்கும். அது செயல்படுவதற்கான இடம் இராது.

இத்தகைய மறைவு அரசியலாக எவ்வாறு நிகழும் என்பதை அமெரிக்கப் புறநகர் வரலாறு காட்டுகிறது. 1949 ஜூன் 21 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தில் கறுப்பினச் சிறுவர்கள் அனுமதிக்கப்பட்டபோது வெள்ளையர் கூட்டம் அவர்களைத் தாக்கியது. நகராட்சிக் குளங்கள் அனைவருக்கும் திறக்கப்படத் திறக்கப்பட, வெள்ளையர் அவற்றைக் கைவிட்டுப் புறநகரின் சங்கக் குளங்களுக்கும் வீட்டுக் குளங்களுக்கும் நகர்ந்தனர். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் குளங்களை இரு இனத்தாருக்கும் திறப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று முடிவு செய்தது. மூடுதல் இரு தரப்பினரையும் ஒரேபோல் பாதிப்பதால் அதில் சமத்துவ மீறல் இல்லை என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆயினும் 1973இல், மேரிலாந்துப் புறநகர் ஒன்றின் வீட்டன்-ஹேவன் நீச்சல்குளச் சங்க வழக்கில், குறிப்பிட்ட சுற்றளவுக்குள் வீடு வைத்திருப்போருக்கு உறுப்பினராகும் வாய்ப்பை அளிக்கும் சங்கம், கறுப்பினத்தவரை மட்டும் தடுத்துவிட்டுத் தன்னைத் தனியார் மன்றம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. வீட்டோடு சேர்ந்து வரும் வசதி, வீட்டுரிமையின் ஒரு கூறு என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

இந்தியச் சட்டம் வேறு திசையில் சென்றது. 2005இல் சொராஷ்ட்ரியர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்று சங்கம் விதி வகுக்கலாம் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. வீடே இவ்வாறு வரையறுக்கப்படலாம் எனும்போது, வளாகத்துக்குள் இருக்கும் நீச்சல்குளத்தின் வாயிலில் எந்தக் கேள்வியும் எழுவதற்கில்லை. பெங்களூரில் அவ்வாயிலில் சாதியின் பெயர் எழுதப்படுவதில்லை. ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்ற பலகை போதுமானது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு உண்டா, விருந்தினருக்கு உண்டா என்பன விவாதத்துக்கு உரியவை. குழந்தையைக் குளிக்க அழைத்து வந்து கரையில் துண்டுடன் நிற்கும் பணிப்பெண்ணுக்கு உண்டா என்பது விவாதமாகக்கூட எழுவதில்லை. நகராட்சிக் குளங்கள் இல்லாமலில்லை. அல்சூர் ஏரிக்கரையில் கென்சிங்டன் குளமும், பசவனகுடியில் நீச்சல் மையமும் உள்ளன. ஆனால் பயிற்சிக் கட்டணம், அதற்கென உரிய உடை, பல கிலோமீட்டர் பயணம், ஓய்வு நேரம் ஆகிய நான்கும் சேரும்போது பொதுக்குளமும் பலருக்கு மூடிய குளமாகிவிடுகிறது.

ஈஜிபுராவில் இக்கேள்வி வீட்டையே இழந்தவர்களிடம் வந்து முடிகிறது. தேசிய விளையாட்டுக் குடியிருப்புக்கு அருகிலேயே, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென மாநகராட்சி கட்டிய அடுக்கு வீடுகள் சுமார் 15 ஏக்கர் நிலத்தில் நின்றன. தரமற்ற அக்கட்டடங்களில் சில தாமாகவே இடிந்தன. மீண்டும் கட்டித்தருவதாகச் சொல்லப்பட்டு, நிலத்தின் ஒரு பகுதியை வணிக வளாகத்துக்கு விடும் ஒப்பந்தம் தனியார் நிறுவனத்துடன் செய்யப்பட்டது. 2013 ஜனவரியில் அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தலித்துகளும் தமிழ் பேசுவோரும் அவர்களில் கணிசமாக இருந்தனர். பல குடும்பங்கள் பல மாதங்கள் நடைபாதையில் வாழ்ந்தன. அங்கே அவர்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் இல்லை. ஏரியை மூடி எழுப்பிய வளாகம் நிலைத்தது. அதன் அண்டையில் ஏழைகளுக்கென எழுப்பியது இருபதாண்டுகூட நிலைக்கவில்லை.

2024 மார்ச்சில் பெங்களூர் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் சிக்கியபோது, நீச்சல்குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் தண்டம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பொதுச் செலவில் மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் தனியார் குளத்தை நிரப்பும்போது அது யாருடைய நீர் என்ற வினாவை அவ்வாணை ஒரு பருவத்துக்கேனும் எழுப்பியது. மழை வந்ததும் வினா அடங்கிற்று. மழைக்காலத்தில் வேறொன்று நிகழ்கிறது. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் நீர் பழைய வழியைத் தேடி வரும்போது ஈஜிபுராவின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் புகுகிறது. விரும்பி இறங்குவதற்கு நீர் கிடைக்காதவர்களிடம் அது அழையாமல் வருகிறது.

நீச்சலை வெறும் பொழுதுபோக்காகக் கருதினால் இவ்விவாதம் அற்பமாகத் தோன்றலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளின் மூழ்கல் இறப்பு விகிதம் வெள்ளையரைவிட இன்றும் உயர்ந்திருப்பதற்கு, தலைமுறைகளாக அவர்களுக்குக் குளங்கள் மூடப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். நீந்தக் கற்பது உயிர் காக்கும் அறிவு. அந்த அறிவு பரம்பரையாகக் கைமாறுகிறது, அல்லது பரம்பரையாக மறுக்கப்படுகிறது. ஏரிகளை மீட்பது பற்றி இன்று பேசும் பெங்களூர், மீட்ட ஏரிகளைச் சுற்றி வேலியும் நடைபாதையும் அமைத்து, நீரைப் பார்ப்பதற்கு மட்டும் உரியதாக்கி வருகிறது. சவுதார் குளத்தில் கேட்கப்பட்டது பார்க்கும் உரிமை அன்று. 15(2)ஆம் பிரிவு பெயர் சொல்லிக் காக்கும் குளமும் குளியல் துறையும் ஈஜிபுராவின் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கின்றன என்பதற்கு மாநகராட்சி விடை தரவேண்டியிருக்கிறது.