கதிரை, அலுமாரி, தேயிலைப் பெட்டி: நம் வீட்டுத் தளபாடங்கள் வந்த வழி

 

போன மாதம் தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் தளபாடங்களை எல்லாம் எழுதுங்கள், ஒவ்வொன்றும் எப்போது, எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்றோம். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இரண்டே வரி எழுதியிருந்தாள். முதல் வரி: "தேயிலைப் பெட்டி. தாத்தா ஸ்டோரில் வேலை செய்தபோது கொண்டு வந்தது. அதில் வைத்துத்தான் நான் படிப்பேன்." இரண்டாவது வரி: "அலுமாரி. இன்னும் பதினொரு மாதம் கட்ட வேண்டும். கதவு பூட்டாது."

அந்தக் கொப்பியைக் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தோம். அந்த இரண்டு வரிக்குள் நம் ஊவா வீடுகளின் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் சொற்களைப் பாருங்கள். பாய், கட்டில், பெட்டி, தொட்டில் எல்லாம் நம் தமிழ்ச் சொற்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு நான்கும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. மேசையில் இழுக்கும் லாச்சி ஒல்லாந்தச் சொல். அதைச் செய்து தரும் தச்சரை "பாஸ்" என்கிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்தான். லயத்தின் இஸ்தோப்பும் அவர்கள் விட்டுப் போனது. சொல் எங்கிருந்து வந்ததோ, பொருளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. நம் முன்னோர் தரையில் பாய் விரித்தும் திண்ணையில் அமர்ந்தும் வாழ்ந்தவர்கள்.

கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் தன் புத்தகத்தை வெளியிட்டார். அன்றைய வீடுகளில் என்ன இருந்தது என்று அதில் சொல்கிறார். சில மண்பானைகள், உறிகள், ஓரிரண்டு முக்காலிகள் போன்ற கொஞ்சச் சாமான்கள்தான். முதுகு சாயும் ஆசனத்தில் அமரும் உரிமை அரசனுக்கு மட்டுமே இருந்தது. ஊவாவும் அன்று அந்த இராச்சியத்தின் ஒரு பகுதி. இன்று ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து உட்காரும் எவரும் அன்றைய கணக்கில் அரசர்தான்!

பிறகு ஆங்கிலேயர் காலம். 1815இல் கண்டி அவர்கள் கைக்குப் போனது. கோப்பி வந்தது, அது நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. துரைமாரின் பங்களாக்களுக்குக் கதிரை, மேசை, புத்தக அலுமாரி எல்லாம் தேவைப்பட்டன. கரையோரத்தில் மொரட்டுவைத் தச்சர்கள் பெயர் பெற்றிருந்தார்கள். ஆனால் பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். அதற்கு முன்பு பாரமான சாமான்களைப் பதுளை வரை கொண்டு வருவது இலகுவாக இருக்கவில்லை. ஆகவே இங்கே கிடைத்த மரத்தில், இங்கேயே ஒரு பாஸை வைத்துச் செய்வதுதான் இலகுவாக இருந்தது. நம் பழைய வீடுகளில் பலா மரத்தில் செய்த அலுமாரிகளும் கட்டில்களும் இவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லயத்தின் கதை வேறு. சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ வேண்டும். அதில் அலுமாரிக்கும் சோபாவுக்கும் இடமேது? பகலில் சுருட்டி வைக்கும் பாய், உடுப்புக்கு ஒரு தகரப் பெட்டி, அதோடு ஒரு தேயிலைப் பெட்டி. இந்தத் தேயிலைப் பெட்டி தோட்ட மக்கள் தாங்களே கண்டுபிடித்த தளபாடம். கவிழ்த்து வைத்தால் மேசை. நிமிர்த்தினால் உடுப்புப் பெட்டி. பக்கவாட்டில் சாய்த்து நடுவில் ஒரு பலகை அடித்தால் அலுமாரி. சாமிப் படம் வைக்கவும் அதுதான், பிள்ளை படிக்கவும் அதுதான்.

அந்தப் பெட்டியின் பயணமும் சுவாரசியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிப் பிளைவுட் செய்யும் தொழில் பால்டிக் கடலோரத்தில், இன்றைய எஸ்தோனியாவில் வளர்ந்தது. அந்தப் பலகைகள் வெனெஸ்டா என்ற பெயரில் லண்டன் வழியாகத் தேயிலை நாடுகளுக்கு வந்தன. தோட்டத்து ஸ்டோரில் அவற்றைப் பொருத்தி, விளிம்புக்குத் தகரம் அடித்து, உள்ளே உலோகத் தாள் விரித்துத் தேயிலையை நிரப்பினார்கள். 1907இல் தென்துருவப் பக்கம் புறப்பட்ட ஷாக்கில்டன் தன் சாமான்களை அடைத்துக்கொண்டு போனதும் வெனெஸ்டாப் பெட்டிகளில்தான். அங்கே பனிக்கு நடுவில் அவருடைய ஆட்கள் வெறும் பெட்டிகளை உடைத்துக் குடிசைக்குத் தளபாடம் செய்தார்கள். தாங்களே அச்சிட்ட புத்தகத்துக்கு அட்டையும் அந்தப் பலகையில்தான் போட்டார்கள். லயத்தில் நம் பாட்டன்மார் செய்ததைத்தான் துருவத்தில் வெள்ளைக்காரரும் செய்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது புத்தகங்களில் இருக்கிறது. நம்மவர் செய்தது ஒரு பிள்ளையின் கொப்பியில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிளைவுட் தொழிற்சாலை உருவானது. பின்னர் கொஸ்கமவில் இன்னொன்று. அந்தத் தொழிலுக்கு மரம் தேடியபோது கண் விழுந்தது சிங்கராஜ வனத்தின் மேல். 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் காட்டுக்குள் போயின. மக்கள் எதிர்த்தார்கள். 1977இல் மரம் வெட்டுவது நின்றது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமை ஆனது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மலிவான பலகைக்குப் பின்னாலும் எங்கோ ஒரு காடு நிற்கிறது. அதனால் பலகையை எவ்வளவு காலம் பாவிக்கிறோம் என்பது முக்கியம். ஒரு தேயிலைப் பெட்டி தேயிலையை இறக்கிய பிறகும் நாற்பது வருடம் வீட்டில் உழைத்தது. காகித மூட்டைகள் வந்து பெட்டிகள் மறைந்தபோது, தோட்ட வீடுகளுக்குக் காசில்லாமல் கிடைத்த ஒரே நல்ல பலகையும் மறைந்தது.

அந்த இடத்துக்கு வந்தது என்ன? 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம். பிளாஸ்டிக் கதிரை, இரும்புக் கட்டில், அதன் பின் மரத்தூளையும் மரச் சீவலையும் பசையால் அழுத்திச் செய்யும் பலகையில் பளபளக்கும் அலுமாரிகள். தவணைக்குப் பொருள் எடுக்கும் வழக்கமும் பரவியது. அது முழுக்கப் புதியதல்ல. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்பது உலகமெங்கும் அவர்களுடைய வழி. ஆனால் தையல் இயந்திரம் உழைத்துத் தரும். அலுமாரி உழைத்துத் தராது. இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். தங்கச்சியின் கலியாணத்துக்குக் கட்டில், அலுமாரி, அலங்கார மேசை என்று ஒரு செட் தவணைக்கு எடுத்தோம். கடையின் பெயர் வேண்டாம், தப்பு எங்களுடையது. பதுளையின் ஒக்டோபர், நவம்பர் மழை தெரியுமே! இரண்டாவது மழைக்கு அலுமாரியின் அடிப்பலகை ஊதிவிட்டது. வீடு மாறும்போது கழற்றிப் பூட்டினோம், ஆணி பிடிக்கவில்லை. தூளில் செய்த பலகையில் ஒரு முறை திருகிய ஆணி மறுமுறை இறுகாது. கடைசித் தவணை கட்டும்போது அலுமாரி கொல்லையில் கிடந்தது. உம்மாவின் பலா அலுமாரியோ, அவருடைய கலியாணத்துக்கு ஒரு பாஸ் செய்து கொடுத்தது, பிணைச்சல் இரண்டு முறை மாற்றி இன்றும் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்குத்தான். புதிய செட் தவணையோடு 150,000 ரூபாய், ஐந்து வருடம் தாங்குகிறது என்றால் வருடத்துக்கு 30,000. பழைய மர அலுமாரியும் கட்டிலும் 75,000க்கு வாங்கி, பாஸுக்குக் கூலியும் வார்னிஷும் 25,000 என்றால் மொத்தம் 100,000. இருபது வருடம் நின்றால் வருடத்துக்கு 5,000. விலைச்சீட்டில் இருக்கும் இலக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இப்போது தோட்டங்களில் தனி வீடுகள் வருகின்றன. லயத்திலிருந்து போகும் குடும்பத்துக்கு அது பெரிய விடிவு. ஆனால் வெறும் சுவரைப் பார்த்ததும், ஹோலை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் முதல் மாதமே கடனாளியாகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில விஷயங்கள்.

ஒன்று, ஒரே நாளில் வீட்டை நிரப்ப வேண்டாம். தூங்க ஒரு இடம், பிள்ளை படிக்க ஒரு மேசை, உடுப்பு நனையாமல் வைக்க ஒரு அலுமாரி. சோபா கடைசியில் வரட்டும்.

இரண்டு, பழையது வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் பார்த்து வாங்குங்கள். லாச்சியை வெளியே இழுத்து உட்பக்கம் பாருங்கள், முகப்பு மட்டும் மரமாக இருக்கலாம். கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் உளு இருக்கிறது. மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மரத்தோடு மரம் கோத்த மூட்டுத் தளர்ந்திருந்தால் பாஸ் இறுக்கித் தருவார். தூள் பலகை உடைந்திருந்தால் அதற்கு மருந்தில்லை.

மூன்று, புதிதாகச் செய்வதானால் நம் பக்கத்து மரத்தைக் கேளுங்கள். தேயிலைக்கு நிழலுக்கும் காற்றுக்கும் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து நட்டது சவுக்கு. இந்தியாவில் சவுக்கு என்றால் வேறு மரம், இங்கே சிங்களத்தில் சபுக்கு என்பதும் இதைத்தான். பாரமில்லாத, அழகான ரேகையுள்ள மரம். நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள். ஈர மரம் பிறகு வளையும். மொணராகலைப் பக்கம் பால் குறைந்ததும் வெட்டும் இறப்பர் மரமும் நல்லது, ஆனால் பூச்சி பிடிக்காமல் மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். காட்டை அழிக்காமல், நட்ட மரத்திலிருந்து கிடைக்கும் பலகைகள் இவை.

நான்கு, பலா மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நம் ஊரில் பலா பஞ்சத்துக்குச் சோறு போட்ட மரம். இரவில் மலிவாக வரும் பலாப் பலகையை வாங்கினால் வழக்கும் நம் வாசலுக்கு வரும்.

ஐந்து, எந்த அலுமாரியானாலும் காலின் கீழ் கட்டை வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பண்டாரவளை, அப்புத்தளை மூடுபனிக்கு இதுவே பாதி வைத்தியம்.

ஆறு, தவணை தவிர வேறு வழியே இல்லை என்றால் மாதத் தொகையைக் கேட்காதீர்கள், மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வட்டி நம் மார்க்கத்தில் தடை என்பது ஒரு பக்கம். கணக்கு எல்லா மதத்தாருக்கும் ஒன்றுதான்.

கடைசியாக, நம் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. பெண் வீட்டார் அறை நிறையத் தளபாடம் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நிறுத்துவோம். லொறியில் இறங்கும் செட்டைத் தெரு முழுக்கப் பார்க்கும். அதற்குப் பின் வரும் தவணைச் சீட்டை அந்த வாப்பா மட்டும்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் அது எங்கள் வாப்பாவாக இருந்தது. தோட்டத்துச் சொந்தங்கள் சீர் வைக்கும்போதும் இதே கதைதான் என்று சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். தேயிலைப் பெட்டியின் ஒரு மூலைத் தகரம் போயிருந்தது, மற்றபடி உறுதியாக இருந்தது. பக்கத்து லயத்தில் பலகை வேலை தெரிந்த ஒரு பெரியவர், சவுக்குப் பலகையில் அதற்கு ஒரு சாய்வு மேல்தட்டும் கீழே நாலு காலும் போட்டுக் கொடுத்தார். இப்போது அவள் குனியாமல் எழுதுகிறாள். அலுமாரிக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பழைய பெட்டியோ கட்டிலோ இருந்தால், விற்கவோ எரிக்கவோ முன்பு ஒரு பாஸிடம் காட்டுங்கள். அது யார் காலத்தில் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த பதிவில் சந்திப்போம்.