இலுப்பையும் அமிலமும்

வன்னிப் பெருநிலத்து மக்களுக்கு இலுப்பை அயல் மரமன்று. வவுனியாவில் இலுப்பைக்குளம் என்றும், மன்னார்ப் பெருநிலத்தில் இலுப்பைக்கடவை என்றும் ஊர்ப்பெயர்களிலேயே அது வேரோடியிருக்கின்றது. அதன் விதையைச் செக்கிலிட்டு ஆட்டிய எண்ணெய் கோயில் விளக்கில் எரிந்தது. எஞ்சிய அரப்பு முழுக்கிற்கு உதவியது. அந்த எண்ணெய் இயந்திரத்தையும் ஓட்டக்கூடும் என்ற எண்ணத்துக்குப் பஞ்ச காலம் ஒன்று வரவேண்டியிருந்தது.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் டீசலும் வன்னிக்குச் செல்வது தடைப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த காலம் வரை அந்நிலை நீடித்தது. மண்ணெண்ணெயே கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெயும் மெல்லிய திரியும் வைத்து மாணவர் படித்தனர். சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்த மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிற்று. டீசல் இயந்திரங்களிலோ மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலந்து ஊற்றினர். வறண்ட மண்ணெண்ணெய் எரிபொருட் பம்பியைத் தேய்த்துவிடும். தாவர எண்ணெய் அதற்கு வழுவழுப்பைத் தந்தது. ஏட்டுக் கல்வியின்றிப் பட்டறைத் தொழிலாளர் கண்ட இந்த உண்மை, இரசாயன நூல்கள் கூறுவதற்கு முற்றிலும் இணங்கியதே.

ஆயினும், தாவர எண்ணெயை அப்படியே ஊற்றுவதில் ஓர் இடர் உண்டு. அது தடிப்பானது, நுண்துளைகளில் கரி படியச் செய்யும். இதற்கு மருந்து 1937ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்தில் காணப்பட்டது. பிரசெல்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பார், செம்பனை எண்ணெயை அமில ஊக்கியின் துணையோடு மதுசாரத்துடன் தாக்கமுறச் செய்து எசுத்தராக்கி, அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டுக் கோடையில், பிரசெல்சுக்கும் லூவெய்னுக்குமிடையே ஒரு பேருந்து அந்த எரிபொருளில் ஓடியது. ஊக்கி என்பது தாக்கத்தை விரைவுபடுத்துமேயன்றித் தான் செலவழியாது. கல்யாணத் தரகரின் பணி போன்றதெனலாம். ஆனால் தரகுப் பணம் கேட்பதில்லை.

இலுப்பைக்கு அமிலம் ஏன் தேவைப்படுகின்றது? ஈரத்தோடு கிடந்த விதையில் எண்ணெய் உடைந்து, கட்டற்ற கொழுப்பமிலம் பெருகுகின்றது. அந்த நிலையில் எரிசோடா போன்ற காரத்தை இட்டால் எரிபொருளுக்குப் பதிலாகச் சவர்க்காரமே விளையும். கந்தகவமிலமோ அந்தக் கொழுப்பமிலத்தையும் எசுத்தராக மாற்றிவிடுகின்றது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த காட்ஜே, ரகுமான் ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டில் இதனை இலுப்பை எண்ணெயில் செய்து காட்டினர். 19 வீதமாக இருந்த கொழுப்பமிலம், ஒரு வீத அளவுக் கந்தகவமிலமும் மெதனோலும் சேர்த்து 60 பாகை வெப்பத்தில் ஒவ்வொரு மணிநேரமாக இருமுறை செய்த பாகத்தால், ஒரு வீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன் பின்னரே காரம் இட்டு எஞ்சியதை எசுத்தராக்கினர். டீசலில் இத்தகைய எசுத்தர் ஓரிரு வீதம் சேர்ந்தாலே வழுவழுப்புக் கூடும். பட்டறைக்காரர் தாவர எண்ணெயில் தேடியதும் அதுவே.

வேதனை யாதெனில், இத்தொழிலுக்கு வேண்டிய பொருள்களிற் சில வன்னியிலேயே ஆக்கப்பட்டவை. கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில், கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளில் நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்தது. போர் அதனைச் செயலிழக்கச் செய்தது. எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் அங்கே எரிசோடாவும் இல்லை.

எனினும் பழியை முழுவதும் போரின் மீது சுமத்துதல் பொருந்தாது. மெதனோல் இறக்குமதிச் சரக்கு. பனங்கள்ளை வடித்து எடுக்கும் மதுசாரம் அவ்விடத்தை நிரப்பலாமெனினும், சாதாரண வடிப்பில் நீர் முற்றாக நீங்குவதில்லை. நீர் இருப்பின் அமிலத் தாக்கம் பாதிவழியில் நின்றுவிடும். அன்றியும் இலுப்பை மெல்ல வளரும் மரம். நட்டவர் எண்ணெய் காணப் பத்தாண்டு போலக் காத்திருக்கவேண்டும். முன்னோர் கோயில் வீதிகளில் நட்டுவைத்த மரங்களின் விதையே அன்று வன்னியார் கையிலிருந்த முதல். அதுவும் பெரும்பாலும் விளக்குக்கே போயிற்று.