கட்டடக் கலையும் கல்லூரிப் பட்டமும்

கல்யாண் என்றதும் இரு கிளைகளாகப் பிரியும் இருப்புப் பாதையே யாவர்க்கும் நினைவுக்கு வரும். ஒரு கிளை கசாரா வழியே வடகிழக்கு நோக்கிச் செல்கிறது. மற்றொன்று கர்ஜத் வழியே போர்காட் கணவாயில் ஏறிப் புனே நகரை அடைந்து, நம்மைத் தாயகத்தோடு இணைக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மில் எத்தனை பேர், அம்மலைக் குகைகளைக் கடக்கையில், இவற்றைக் குடைந்தவர் யார், குடையும் கலையை அவர் எங்குக் கற்றார் என எண்ணியிருப்போம்? நாம் பொறியாளர் அல்லோம். புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதுவோம். எனினும், நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் நிற்கும் இக்காலத்தில், கட்டுமானக் கல்வி வளர்ந்த வரலாற்றைச் சிறிது ஆராய்தல் நலம் எனக் கருதுகிறோம்.

கட்டுவதற்குப் பட்டமும் வேண்டுமோ என்று சிலர் வினவலாம். காவிரியில் கல்லணை எழுப்பியவர்க்கும், 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலை அமைத்தவர்க்கும் எந்தக் கல்லூரி பட்டம் அளித்தது? அக்கோயிற் கல்வெட்டு குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயரை இன்றும் காட்டி நிற்கிறது. அன்று மகன் தந்தையின் உளியருகே அமர்ந்து கற்றான். ஆனால் அவ்வறிவு குடிவழி வந்தமையால், குடிக்குப் புறம்பானவர்க்குக் கதவு அடைத்தே கிடந்தது. அக்கதவைச் சிறிது சிறிதாகத் திறந்தமையே கல்லூரிகள் செய்த பேருதவி.

பாரிசு மாநகரில் பாலங்களும் சாலைகளும் அமைக்கக் கற்பிக்கும் பள்ளி 1747இல் தோன்றியது. சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் 1794இல் எட்டே மாணவரோடு நில அளவைப் பள்ளி தொடங்கிற்று. அதுவே 1859இல் பொறியியற் கல்லூரியாக உயர்ந்து, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆள் வேண்டி 1847இல் ரூர்க்கிக் கல்லூரி பிறந்தது. பொதுப்பணிக்குரிய துணை அலுவலரைப் பயிற்ற 1854இல் புனேயில் பொறியியல் வகுப்பு ஏற்பட்டது. பிற்காலத்தில் விசுவேசுவரய்யா பயின்ற கல்லூரி அதுவே. அதே 1854இல், மே முதல் நாளன்று, நம் கல்யாணுக்குப் புகைவண்டி வந்தது என்பதும் எண்ணி மகிழத்தக்கது.

இவற்றுள் ஓர் உண்மை விளங்கும். கல்லூரி முன்னும் பணி பின்னுமாக வரவில்லை. வேலை வந்து அழைத்த பின்னரே கல்வி பிறந்தது. எனினும் அக்காலக் கல்வி கல்லையும் மண்ணையும் அளக்கக் கற்பித்த அளவிற்கு, ஆயிரமாயிரம் மக்களைக் கொண்டு வேலையை நடத்தக் கற்பிக்கவில்லை. அக்குறையைப் போர்காட் மலை வெளிப்படுத்திற்று.

ஏறத்தாழ 15 மைல் தொலைவில் 1,831 அடி உயரம் ஏறவேண்டும். சில இடங்களில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். குகைகளோ 25. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லியின் திட்டம் நேர்த்தியானதே. ஆனால் 1859 சனவரியில் வேலையாட்கள் கிளர்ந்தெழுந்தனர். பாறையின் கடினம் அதற்குக் காரணமன்று. கூலி நிலுவையே காரணம். துணைக் குத்தகைக்காரர் வழியே சென்ற பணம் உழைத்தவன் கைக்கு வந்து சேரவில்லை. அவ்வாண்டே குத்தகையாளர் பேவியல் விலகினார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல், வந்த சில வாரங்களிலேயே நோயுற்று மாண்டார். அவர்தம் மனைவி ஆலிஸ் அம்மையார் குத்தகையைக் கைவிடாமல், ஆடம்சன், குளோசர் என்னும் இரு பொறியாளரை மேலாளராக அமர்த்திப் பணியைத் தொடர்ந்தார். 1861இல் 42,000க்கு மேற்பட்டோர் அம்மலையில் உழைத்தனர். மழைக்காலத்தில் வேலை தடைப்பட்டது, வாந்திபேதி பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் உயிர் துறந்தனர். 1863இல் பாதை திறக்கப்பட்டது. அதில் ஒரு பெரும்பாலம் 1867இல் இடிந்தும் வீழ்ந்தது.

காலத்தைத் திட்டமிடல், கூலியைக் காத்தல், உயிரைக் காத்தல், தரத்தைக் காத்தல் ஆகிய நான்கும் அன்று எப்பள்ளியிலும் தனிப்பாடமாக இல்லை. இன்று அவையே ஒரு பட்டத்தின் பாடங்கள். 1957, 1958ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில், பெரும்பணி ஒன்றன் எந்தப் பகுதி தாமதித்தால் முழுப்பணியும் தாமதிக்கும் என்று கணித்தறியும் முறைகள் உருவாயின. கட்டுமானத் துறையினரின் முயற்சியால் 1983இல் நிக்மார் என்னும் தேசிய நிறுவனம் தோன்றிப் புனேயில் வேரூன்றியது. கிண்டிக் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கட்டுமான மேலாண்மையில் மேற்பட்டப் படிப்பு உண்டு. சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னர் இதனைப் பயிலுதல் வழக்கம். ஒப்பந்தம், டெண்டர், செலவு மதிப்பீடு, கால அட்டவணை, தொழிலாளர் பாதுகாப்பு முதலியவை இதன் பாடங்களாம்.

பெண்மக்களுக்கு இத்துறை ஏற்றதன்று எனத் தயங்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். ஆலிஸ் அம்மையார் மலையில் குத்தகை நடத்தியதை மேலே கண்டோம். கிண்டியில் சிவில் பொறியியல் பயின்ற திரேசியா அம்மையார் 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகி, இந்தியாவிலேயே அப்பதவி எய்திய முதற் பெண்மணி என்னும் புகழ் பெற்றார். இதற்குமேல் சான்று வேண்டுமோ?

கணக்கெழுதும் பணியில் நாம் கண்டது ஒன்றுண்டு. மேலே ஒரு பில் பத்து நாள் மேசையில் உறங்கினால், அதன் பளு இறுதியில் கலவைச் சட்டி சுமக்கும் பெண்ணின் தலையிலேதான் இறங்கும். மும்பையின் வானளாவிய மாடங்களை எழுப்புவோரில் நம் மொழி பேசுவோரும் உளர். ஆகவே இப்பட்டத்தை நாடும் நம் இளைஞர்க்கு நாம் கூற விழைவது இதுவே: வரைபடத்தைக் கற்கும் அளவிற்கு மஸ்டர் ரோலையும் கற்பீராக. குறித்த நாளில் கூலியும், ஏறும் சாரத்தில் காவலும் அளிக்க அறியாதவன் எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும் அரைப் பொறியாளனே. தஞ்சைக் கோயில் பெருந்தச்சன் பெயரைக் காத்தது. போர்காட்டில் மாண்டவர் பெயர்களை எக்கல்லும் தாங்கவில்லை. நாளைய கட்டடங்களில் பெயர் பொறிக்காவிடினும், உழைப்போர் உயிரோடு வீடு திரும்பச் செய்வதே அவர்க்கு நாம் ஆற்றும் கைம்மாறு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!